சாளைக்குப் புதுத் தடுக்கு

1

என் மைத்துனர் நாச்சிமுத்துக் கவுண்டர் கிணத்துக்கடவிலிருந்து எழுதிய கடிதம் போன செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அவர் கடிதங்கள் நீளமாக இருந்ததில்லை. "மாப்பிள்ளைக்கு, இவ்விடம் எல்லோரும் சுகம். மழை பரவாயில்லை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. மரமேறுகிறவன் வந்திருக்கிறான். அடுத்த வருஷத்துக்குச் சாளைக்குத் தடுக்குப் போட மட்டை வெட்டச் சொல்லலாமா என்று தெரியப்படுத்தவும்." இவ்வளவுதான். கீழே கையெழுத்து.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்குச் சாளை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்துக்குள்ளே, ஊரை விட்டுத் தள்ளி, மண்சுவர் வைத்துத் தென்னங்கீற்றை முடைந்து வேய்ந்த சின்ன வீடு அது. முடைந்த கீற்றுக்குத் தடுக்கு என்று பெயர். வருஷா வருஷம் ஆனி மாதம் நானும் என் மனைவி பாவாயியும் ஒரு மாத லீவில் அந்தச் சாளைக்குப் போய்விடுவோம். அது அவளுடைய அண்ணன் எங்களுக்கென்றே கட்டி வைத்தது. பதினோரு வருஷமாக இது நடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோட்டத்துக்குள் புகுந்து வீசும். நாள் பூராவும் லேசான தூறல் இருக்கும். கொழும்பில் பதினோரு மாதம் வேர்த்துக் கிடப்பதற்கு அந்த ஒரு மாதந்தான் கூலி என்று பாவாயி சொல்வாள்.

தடுக்கு விஷயத்தில் ஒரு முறை உண்டு. மாசியில் மட்டை வெட்டி, கிணற்றுத் தொட்டியில் ஊறப்போட்டு, பங்குனியில் முடைந்து, வைகாசி கடைசியில் வேய்வார்கள். மைத்துனர் அதற்கெல்லாம் இதுவரை என்னைக் கேட்டதே இல்லை. நாங்கள் போகும்போது புதுத் தடுக்கு பச்சை வாசத்தோடு தலைக்கு மேலே இருக்கும். இப்போது நடப்பது ஆவணி. மாசியில் வெட்டுகிற மட்டைக்கு ஆவணியில் எதற்கு உத்தரவு?

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஆபீசுக்குப் போய் வந்தேன். பதில் எழுதத் தெரியவில்லை. தொழிலே எழுதுவதுதான் என்றாலும் தெரியவில்லை.

2

நான் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக் கிடங்கில் குமாஸ்தா. கப்பலில் ஏறும் தேயிலைப் பெட்டிகளுக்குக் காகிதம் எழுதுவது வேலை. எந்தக் காகிதமானாலும் மூன்று நகல். ஒன்று கப்பலுக்கு, ஒன்று துரைக்கு, ஒன்று அலமாரிக்கு. இருபது வருஷமாக ரூல்தடியும் ஊதாப் பென்சிலுமாகக் காலம் தள்ளியவன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

போன தை மாதம் பாவாயிக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது. அவளுக்கு அதற்கு முந்தின தீபாவளியிலேயே தெரியும். சொன்னால் ஆனி மாதத்து லீவு கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் அதே லீவுக்காக நானும் வருஷம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவன்தான். ஆகவே கோபத்தை என்னோடு வைத்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். அது கான்சர் என்றார்கள். பிறகு ஒளிக்கதிர் வைத்தியம் ஆரம்பமாயிற்று. பாவாயி அதற்குக் 'கரண்டு வெக்கறது' என்று பெயர் வைத்தாள். வாரத்தில் மூன்று நாள் நான் அவளை டிராமில் கூட்டிப்போய் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவள் மார்பிலும் தோளிலும் ஊதா மையால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள்ளே மட்டும் கதிர் படும்படி வைப்பார்களாம். டாக்டரிடம் பேசுவதற்கு எங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போவோம். அவனுக்குப் பதினேழு வயது. கொழும்பில் பிறந்து கொழும்பில் படிக்கிறவன். என் இங்கிலீஷ் தேயிலைப் பெட்டி வரைக்கும் ஓடும், வியாதி வரைக்கும் ஓடாது. அவனும் டாக்டரும் கால்மணி நேரம் பேசுவார்கள். பிறகு அவன் எங்கள் பக்கம் திரும்பி, "பயமில்லையாம், பாப்பமாம்" என்பான். கால்மணி நேர இங்கிலீஷுக்கு இரண்டு வார்த்தைத் தமிழ். அவன் எங்களைக் காப்பாற்ற நினைத்து மறைக்கிறானா, அல்லது வீட்டில் அவனுக்கு இருக்கிற தமிழே அவ்வளவுதானா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

வைத்தியத்தில் பாதி முடிந்ததும், தோல் ஆற வேண்டும், மூன்று வாரம் இடைவெளி என்றார் டாக்டர். பாவாயி நேராக அவர் முகத்தைப் பார்த்து, தன் தமிழிலேயே, ஊருக்குப் போகலாமா என்று கேட்டாள். மகன் மொழிபெயர்ப்பதற்கு முன்பே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். கோட்டின்மேல் தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் கூடாது, சோப்புக் கூடாது, வெயில் கூடாது. கோடுகள் அழியாமல் திரும்பி வர வேண்டும்.

லீவு விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்தில் பதினோரு வருஷமும் எழுதியதையே எழுதினேன். சொந்த ஊர் விஜயம். மகன் வர மறுத்துவிட்டான். பரீட்சை இருக்கிறதாம். ஸ்டேஷனுக்கு வந்து அம்மாவின் பெட்டியை ஏற்றிவிட்டு, அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அவள் "செரி கண்ணு" என்றாள்.

3

ஸ்டீமர் ஏறி, தனுஷ்கோடியில் ரயில் ஏறி, திண்டுக்கல்லிலும் பொள்ளாச்சியிலும் மாறி, ஒரு வழியாகச் சாளைக்குப் போய்ச் சேர்ந்தோம். புதுத் தடுக்கு. வாசலில் சாணம் தெளித்துக் கோலம். பாவாயி ஒற்றைக் கையால் கட்டிலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். இடது கை வீங்கிப்போயிருந்ததால் அதைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். கழுத்து வரை பொத்தான் வைத்த ரவிக்கை. நங்கையா என்று அவள் கூப்பிடும் அண்ணன் மனைவி மயிலாத்தாளோ அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரையும் போல ரவிக்கையே போடாதவள். "கொழும்பு ரவிக்கை ஒவ்வொரு வருசமும் மேல மேல ஏறுதுங்கொ" என்று கேலி செய்தாள். பாவாயியும் சிரித்தாள்.

அவர்களுக்கு நாங்கள் எழுதியிருந்தது, சின்னக் கட்டி, எடுத்தாயிற்று என்று மட்டும். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. இந்த இடத்தில் எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிரே நிற்பவருக்குச் சங்கடம் தரக்கூடிய கேள்வியை எங்கள் ஜனங்கள் வாயில் எடுக்கமாட்டார்கள். பத்து நாளில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். பருத்தி விலை, பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த மின்சார மோட்டார், கொழும்பில் அரிசி நன்றாக இருக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். இளநீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவளுடைய கையை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கொழும்பில் பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவி முதல் நாளே "என்ன வியாதி, பிழைப்பாளா" என்று என்னையே கேட்டவள். அப்போது எனக்குச் சுருக்கென்றது. இங்கே யாரும் கேட்காதது அதைவிட அதிகமாகச் சுட்டது.

ஆனாலும் பாவாயி சந்தோஷமாக இருந்தாள் என்பதை எழுதத்தான் வேண்டும். காலையில் கம்பங்கூழ் குடித்தாள். கொழும்பில் தொண்டைக்குள் இறங்காத சோறு இங்கே இறங்கியது. நான் அட்டையைச் சுவர் ஆணியில் மாட்டி, தினமும் ஒரு முறை படித்துக் காட்டினேன். தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது. "நீங்க ஆபீசை இங்கயே கொண்டாந்துட்டீங்க" என்றாள்.

4

திரும்பும்போது கடல் தாண்டுவதற்கு முன், தொத்து வியாதி இருக்கிறதா என்று பார்க்கும் சர்க்கார் காம்பில் தங்கிப் பரிசோதனை முடித்துத்தான் ஸ்டீமர் ஏற விடுவார்கள். எங்கள் கிராமத்தில் அம்மையும் காலராவும் இல்லை என்று மணியகாரரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. காகிதம் கையில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில் அதற்காகப் போனேன். மணியகாரர் மோர் கொடுத்தார். தன் தங்கை மகனுக்குக் கொழும்பில் ஒரு வேலை கிடைக்குமா என்று விசாரித்தார். கையெழுத்துக்கு நாளைக்கு வரச் சொன்னார்.

திரும்பி வந்தபோது உச்சிப்பொழுது. சாளைக்குள் சாம்பிராணிப் புகை. பாவாயி கட்டிலில் உட்கார்ந்திருக்க, மயிலாத்தாள் அவள் தலைமுடியை விரித்துப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. அந்த மாதிரி முகத்தை நான் தைக்குப் பிறகு பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் எண்ணெய் முழுக்கு என்பது மண்டையில் ஏறியது.

வருஷா வருஷம் பிறந்த வீட்டுக்கு வருகிறவளுக்கு அண்ணன் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் மாதிரி அரப்புப் பொடி போட்டுக் குளிக்க வார்ப்பது அந்த வீட்டு வழக்கம். முதல் வெள்ளிக்கிழமை நான் சாளையிலேயே இருந்து, சளி என்று பொய் சொல்லித் தட்டிவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை நான் இல்லை.

கோடு என்னவாயிற்று என்று கேட்டேன். மயிலாத்தாள்தான் பதில் சொன்னாள். அவளுக்குப் பெருமை. "அந்த வைத்தியர் போட்ட பத்தெல்லாம் காஞ்சு ஒட்டிக் கெடந்துச்சுங்க தம்பி. ரெண்டு தடவ அரப்புப் போட்டுத் தேச்சு, சுத்தமா எடுத்துப் போட்டேனுங்க."

நாட்டு வைத்தியர் அரைத்துப் பூசுகிற பத்து காய்ந்தால் அப்படித்தான் கறையாக ஒட்டியிருக்கும். நோய் குறைந்ததும் எண்ணெயும் அரப்பும் போட்டுக் கழுவித்தான் எடுப்பார்கள். அவளுக்குத் தெரிந்த அளவில் அவள் செய்தது சரி. கொடியில் துவட்டின துண்டு தொங்கியது. அதில் அங்கங்கே ஊதா. அவளிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நல்லதுங்கக்கா என்றேன். அவள் ஊட்டுல வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் பாவாயியிடம் திரும்பினேன். தினமும் படித்துக் காட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, இத்தனை நாள் பட்ட பாடு என்ன ஆவது என்று என்னென்னவோ சொன்னேன். சத்தமும் போட்டேன். எல்லாம் சொல்லி ஓயும் வரை அவள் காத்திருந்தாள்.

"நங்கையா என் ரவிக்கையைக் கழட்டுனப்ப அந்த எடத்தைப் பாத்துச்சுங்க. ஒண்ணுமே கேக்கலீங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்படியே உள்ளங்கையில எண்ணெயை ஊத்தி அங்க வெச்சுச்சுங்க" என்றாள். பிறகு, "அறுத்ததுக்கப்பறம் டாக்டரும் நர்சும் தவுத்து ஆரும் அங்க கை வெக்கலீங்க. கையை எடுங்கன்னு எப்படிச் சொல்றதுங்க?" என்றாள்.

என்னைக் குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் நான் எழுந்து வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். தை மாதத்திலிருந்து நான் டிக்கெட் வாங்கினேன், மருந்து வாங்கினேன், அட்டை படித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

5

இனி எழுதப்போவதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

கோடுகள் அழிந்தால் வைத்தியம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமோ, அல்லது விதி மீறியவர்கள் என்று பெயரையே அடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூலக் காகிதம் தொலைந்துபோன குமாஸ்தாவுக்கு வருகிற பயம் அது. மறுநாள் மத்தியானம் பெட்டியிலிருந்து ஊதாப் பென்சிலையும் ரூல்தடியையும் எடுத்தேன். ஆஸ்பத்திரி மையும் இந்தப் பென்சிலும் கிட்டத்தட்ட ஒரே நிறம். இருந்த மாதிரியே கோட்டைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பாவாயி வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு ரவிக்கையின் பொத்தான்களை ஒரு கையால் அவிழ்த்தாள். நான் உதவினேன்.

பென்சில் முனையை நாக்கில் நனைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஒரு பக்கம் மார்பு இல்லை. கழுத்தெலும்பிலிருந்து அக்குள் வரை தையல் போட்ட தழும்பு. சுற்றிலும் தோல் வெந்து கறுத்து, அரப்புப் போட்டுத் தேய்த்த இடங்களில் உரிந்து சிவந்து நீர் கோத்திருந்தது. பதினேழு வயது மகனைப் பெற்று வளர்த்தவர்கள் நாங்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் உடம்பைப் பார்ப்பதுபோல நான் நின்றேன்.

கோடு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டேன். கழுத்தெலும்பைக் காட்டி, இங்கேயிருந்து கீழே போகும் என்றாள். எங்கே திரும்பும்? தெரியவில்லை என்றாள். அக்குளுக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரி ஒன்று உண்டு, நர்ஸ் அங்கே அழுத்தும்போது குறுகுறுக்கும் என்றாள். எத்தனை அங்குலம் தள்ளி?

"கோடு போடறப்பவும் கரண்டு வெக்கறப்பவும் நான் கண்ணை மூடிக்குவனுங்க" என்றாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அந்தக் கோடுகள் எப்படி ஓடின என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நான் பென்சிலையும் தடியையும் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன்.

"நாக்கெல்லாம் ஊதாவாயிருச்சுங்க" என்று சிரித்தாள். சிரித்தால் தழும்பு இழுக்கும் போலிருக்கிறது. வலது கையால் அங்கே பிடித்துக்கொண்டே சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். ஒரு கோடும் போடவில்லை. ரவிக்கையின் பொத்தான்களை மறுபடி போட்டுவிட்டேன்.

6

மணியகாரரின் காகிதத்தைக் காம்பில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் பரிசோதனை செய்த பெண் டாக்டர் பாவாயியின் தோலைப் பார்த்துவிட்டு, தொத்து வியாதி அல்ல என்று தெரியும் வரை இரண்டு நாள் கூடுதலாக இருக்கச் சொன்னார். விதி அப்படி. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் குறித்த நாள் தவறிப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் இந்த முறை நான் பெஞ்சில் உட்காரவில்லை. மகனோடு நானும் உள்ளே போனேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். டாக்டர் திட்டவில்லை. மேசையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து விரித்தார். அதில் ஒரு மார்பின் படம் அச்சடித்திருந்தது. அதன்மேல் எல்லாக் கோடுகளும், எத்தனை அங்குலம், எங்கே திரும்புகிறது, எங்கே பெருக்கல் குறி என்று ஒன்று விடாமல் இருந்தன. நகல். இருபது வருஷமாக மூன்று நகல் எழுதுகிற எனக்கு, ஆஸ்பத்திரியிலும் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. கோடு போடுவது ஒரு நிமிஷ வேலை என்றாராம். புண்ணான தோலின்மேல் கதிர் வைக்க முடியாது என்பதுதான் விஷயம். ஆறட்டும் என்றார்.

எவ்வளவு நாள் என்று நானே என் தேயிலை இங்கிலீஷில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கையை விரித்தார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டிராமில் வரும்போது, காத்திருக்கும் நாள் ஏற ஏற வைத்தியத்தின் பலன் குறையும் என்று டாக்டர் சொன்னதை அவனாகவே எனக்குச் சொன்னான். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை என்று நினைக்கிறேன். மறைத்திருக்கலாம்.

இப்போது நாலாவது வாரம். தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் அவளுக்கு நான்தான் மருந்துத் துணி மாற்றுகிறேன். ஒரு ஓரம் ஆறினால் இன்னொரு ஓரம் திறக்கிறது. எங்கே எத்தனை அங்குலம் என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. துணி மாற்றிவிட்டு, மைத்துனரின் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். மழை, பசு, கன்று, மட்டை. கேட்டுவிட்டு, என்ன மாதம் இது என்றாள். ஆவணி என்றேன். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு ஓட்டுக் கூரை.

"பாவம் அண்ணன்" என்றாள். "வெட்டச் சொல்லி எழுதுங்க. நாம போகாட்டியும் மாட்டுச் சாளைக்கு ஆகுமுங்க."

இன்று ஆபீசில் அவருக்குப் பதில் எழுதினேன். மாப்பிள்ளை எழுதிக்கொண்டது, இவ்விடம் எல்லோரும் சுகம், மட்டை வெட்டச் சொல்லவும் என்று எழுதினேன். அவள் சொன்னதில் மீதியை எழுதவில்லை. பழக்க தோஷத்தில் கரிக்காகிதம் வைத்து எழுதிவிட்டதால், ஒரு நகல் என் மேசையில் கிடக்கிறது.